நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஒரே இரவு

தில்லி விமான நிலைய வாசலில் ஒரு பக்கம் ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள், மறுபக்கம் சந்துக்குச் சந்து லாட்ஜுகள். அலுவல் பயணி எந்தப் பக்கம் தூங்குவார் என்பதை முடிவு செய்வது அவருடைய கம்பெனியின் பயணப் படி.

இரவு மணி 12.10. தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்துக்கு வெளியே டாக்ஸி வரிசையில் நிற்கிறார் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனை மேலாளர். தோளில் லேப்டாப் பை. இழுத்து வரும் சிறு பெட்டிக்குள் ஒரே ஒரு மாற்றுச் சட்டை. காலை 10 மணிக்கு குருகிராமில் டெண்டர் கூட்டம். மாலை விமானத்தில் ஊர் திரும்பிவிட வேண்டும். நடுவில் உள்ள சில மணி நேரத்துக்கு அவருக்கு வேண்டியவை ஒரு கட்டில், கொஞ்சம் வெந்நீர், ஓர் இஸ்திரிப் பெட்டி. தில்லி வேண்டாம்.

தில்லி வேண்டாதவர்களுக்காகவே தில்லியின் வாசலில் ஒரு தனி ஊர் எழும்பியிருக்கிறது. இந்தியா கேட்டும் சாந்தினி சவுக்கும் அந்த ஊரின் வரைபடத்தில் இல்லை. அங்கே எல்லாத் தொலைவும் முனையத்திலிருந்து அளக்கப்படுகிறது. எந்த ஹோட்டலின் விளம்பரத்தைப் பார்த்தாலும் 'விமான நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்பதுதான் முதல் வரி. அந்த 10 நிமிடத்துக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஏரோசிட்டி. மற்றொன்றின் பெயர் மஹிபால்பூர். இரண்டுக்கும் நடுவே, தில்லியை ஜெய்ப்பூருடன் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. ஒரு காலத்தில் அதற்கு எண் 8. இப்போது 48.

மேலாளர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவர் கையில் இல்லை. ஊரில் கணக்குப் பிரிவு வைத்திருக்கும் ஓர் அட்டவணையில் அது இருக்கிறது. இயக்குநர் என்றால் இவ்வளவு, பொது மேலாளர் என்றால் இவ்வளவு, விற்பனை மேலாளர் என்றால் இவ்வளவு. அறை வாடகைக்கான அந்த உச்சவரம்பைத் தாண்டினால் மீதி சொந்தப் பணம். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்த இருவர் சாமான் பட்டைக்கு அருகே கைகுலுக்கிப் பிரிந்து, நெடுஞ்சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் போவது இங்கே தினசரிக் காட்சி.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் என்ற எண்ணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. அதை முதலில் பெரிய அளவில் கையில் எடுத்தது அரசாங்கம்தான். ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக 1971இல் தொடங்கப்பட்டது இந்திய ஹோட்டல் கழகம். விமானம் தாமதமானால் பயணிகளைத் தங்க வைக்க வேண்டும். விமானிகளும் பணிப்பெண்களும் அடுத்த பயணம் வரை ஓய்வெடுக்க வேண்டும். அந்தச் செலவு வெளியே போவானேன் என்பது கணக்கு. பம்பாய் விமான நிலைய வாசலில் வட்ட வடிவில் எழுந்தது சென்டார் ஹோட்டல். தில்லிக்கு அதே பெயரில் ஒன்று 1982இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே காரணம்.

அரசாங்கம் ஹோட்டல் நடத்திய கதை நல்ல விதமாக முடியவில்லை. பம்பாய் விமான நிலைய சென்டார் 2002இல் 83 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கியவர் சில மாதங்களுக்குள் அதை 115 கோடிக்கு வேறொரு குழுமத்திடம் கைமாற்றிவிட்டார். 32 கோடி யாருக்குப் போயிருக்க வேண்டியது என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் நெடுநாள் ஒலித்தது. பொதுச் சொத்து விற்பனை பற்றி எப்போது விவாதம் வந்தாலும் எடுத்துக்காட்டப்படும் பெயர்களில் ஒன்றாக சென்டார் நிலைத்துவிட்டது.

தில்லியில் ஹோட்டல்களைக் கட்ட வைப்பவை பெரும்பாலும் விளையாட்டுகள்தான். 1982க்கு சென்டார் என்றால், 2010க்கு ஏரோசிட்டி. 2006இல் விமான நிலையத்தின் நிர்வாகம் ஜிஎம்ஆர் குழுமம் தலைமையிலான தனியார்-அரசு கூட்டு நிறுவனத்திடம் போனது. 2010 ஜூலையில் மூன்றாவது முனையம் திறக்கப்பட்டது. அந்த அக்டோபரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு வருகிறவர்களுக்காக முனையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் வரிசையாக ஹோட்டல்கள் திட்டமிடப்பட்டன. போட்டி வந்தது, முடிந்தது. ஹோட்டல்கள் மட்டும் திறக்கவில்லை.

கட்டுமானத் தாமதம் பாதிக் காரணம். மீதிக் காரணம் ஜன்னல். ஓடுபாதையை இவ்வளவு அருகில் பார்க்கும் அறையில் வாடகைக்கு வந்து தங்குகிறவர் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டது போலீஸ். 2008 நவம்பரில் மும்பையில் ஹோட்டல்களுக்குள்ளேயே பயங்கரவாதிகள் புகுந்த நினைவு ஆறாத காலம் அது. கட்டி முடித்த கட்டடங்கள் பாதுகாப்பு அனுமதிக்காகப் பூட்டிக் கிடந்தன. பேச்சுவார்த்தைகள் நடந்தன. தடுப்புச் சுவர் உள்ளிட்ட கூடுதல் ஏற்பாடுகளுக்குப் பிறகே 2013 முதல் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. விமானத்துக்கு அருகில் இருப்பதற்காகவே கட்டிய ஹோட்டல், விமானத்துக்கு அருகில் இருந்ததாலேயே பூட்டிக் கிடந்தது.

இன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். உலகப் புகழ்பெற்ற பெயர்களும் உண்டு, சிக்கன ரகமும் உண்டு. லாபியில் நுழைவதற்கு முன் பெட்டி ஸ்கேனருக்குள் போய் வருகிறது. பயணி உலோகச் சட்டத்துக்குள் நடந்து வருகிறார். விமான நிலையத்தில் இப்போதுதான் இதையெல்லாம் முடித்தோமே என்ற அலுப்பு அவர் முகத்தில் தெரியும். வரவேற்பு மேஜையில் இருப்பவருக்கு நள்ளிரவும் நண்பகலும் ஒன்று. சீருடையில் ஒரு விமானப் பணியாளர் குழு உள்ளே வரும். இன்னொன்று வெளியே போகும். நடுநிசி 2 மணிக்கு காபி கேட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இங்கே இரவு இவ்வளவு பரபரப்பாக இருப்பதற்குக் காரணம் தில்லியில் இல்லை, ஐரோப்பாவில் இருக்கிறது. அங்குள்ள பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இரவு நேரத்தில் விமானங்கள் இறங்கக் கடும் கட்டுப்பாடு. எனவே அங்கே விடிகாலையில் போய் இறங்கும்படி இங்கிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. லண்டன்காரர் நிம்மதியாகத் தூங்குவதற்காக மஹிபால்பூர்க்காரர் விழித்திருக்கிறார்.

கண்ணாடி விஷயத்தில்தான் இரு பக்கங்களும் முதலில் பிரிகின்றன. ஏரோசிட்டியில் ஜன்னல்களுக்குக் கனத்த இரட்டைக் கண்ணாடி. விமானம் எழும்புவது ஒரு மௌனப் படம் போலத் தெரியும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பல அறைகளில் ஜன்னலே இல்லை. இருக்கும் ஜன்னலும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. விமானம் தெரியாது, ஆனால் தண்ணீர் டம்ளர் அதிரும்.

மேலாளரின் வரம்பு அவரை அந்தப் பக்கம்தான் அனுப்புகிறது. டாக்ஸி மஹிபால்பூர் சந்துக்குள் திரும்பும்போது மணி 1 ஆகப் போகிறது. தெரு விழித்திருக்கிறது. மூன்று மாடி, நான்கு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் நீலம், சிவப்பு, பச்சையில் ஒளிரும் பெயர்ப் பலகை. பல பெயர்களில் 'ஏர்போர்ட்' என்ற சொல் கட்டாயம் இருக்கும். சாலையோரத் தாபாவில் தவாவிலிருந்து ஆலு பராத்தா இறங்குகிறது. பக்கத்தில் மருந்துக் கடை, செல்போன் கடை, பணம் மாற்றும் கடை, பெட்டிக்குப் பூட்டு விற்கும் கடை. விமானம் ஏறப் போகிறவருக்குக் கடைசி நிமிடத்தில் என்னென்ன நினைவுக்கு வருமோ அத்தனையும் விற்பனைக்கு உண்டு.

இங்கே தங்குகிறவர்கள் டெண்டர்காரர்கள் மட்டுமல்ல. வளைகுடா வேலைக்கு முதல் முறையாகப் போகும் பிகார் இளைஞர்கள், கனடா போகும் மகனை வழியனுப்ப வந்த பஞ்சாப் குடும்பம், மேற்கொண்டு போக வேண்டிய விமானத்தைத் தவறவிட்டவர்கள், குருகிராமில் நேர்முகத் தேர்வுக்கு வந்திருக்கும் பொறியியல் பட்டதாரிகள். 2013இல் குர்கானில் தொடங்கப்பட்ட ஓயோ போன்ற நிறுவனங்கள் இத்தகைய அறைகளைக் கைபேசித் திரைக்குக் கொண்டுவந்த பிறகு, நடுநிசியில் கதவு கதவாகத் தட்டி வாடகை பேச வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. படத்தில் பார்த்த அறையும் நேரில் பார்க்கும் அறையும் ஒன்றுதானா என்ற கவலை மட்டும் மிச்சம்.

மஹிபால்பூர் திடீரென்று முளைத்த ஊரல்ல. அது ஒரு பழைய கிராமம். தில்லியின் பழைய கிராமங்களில் வருவாய்த் துறை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிய குடியிருப்புப் பகுதிக்கு 'லால் டோரா' என்று பெயர். ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு. வயலுக்கு வரி உண்டு, அந்தக் கோட்டுக்குள் உள்ள வீட்டுக்கு இல்லை. பிற்காலத்தில் கட்டட விதிகளிலிருந்தும் அங்கே சலுகை கிடைத்தது. மாட்டுத் தொழுவம் கட்ட வரைபட அனுமதி எதற்கு என்ற நியாயமான எண்ணம்தான் அதன் பின்னணி. வயல்கள் போய், விமான நிலையமும் நெடுஞ்சாலையும் வந்து, 2008 ஜனவரியில் தில்லி-குர்கான் விரைவுச் சாலையும் திறக்கப்பட்ட பின், தில்லியின் இத்தகைய கிராமங்களில் தொழுவம் நின்ற மனையில் அறைகள் எழுந்தன. சந்தின் அகலம் மட்டும் மாட்டு வண்டிக் காலத்தது. மேலே மாடிகள் உயர உயர, கீழே தீயணைப்பு வண்டி திரும்ப இடம் எங்கே என்ற கேள்வியும் உயர்ந்தது.

அது ஏதோ கற்பனைக் கேள்வி அல்ல. 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் தில்லி கரோல் பாக் பகுதியில் ஒரு நடுத்தர ஹோட்டலில் தீப்பிடித்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்களில் 17 பேர் இறந்தார்கள். தாழ்வாரச் சுவரில் ஒட்டியிருந்த மரப் பலகைகள் தீயை மாடிக்கு மாடி கொண்டுசென்றன. அதன் பிறகு தீயணைப்புத் துறை நகரெங்கும் சோதனை நடத்தியது. பல ஹோட்டல்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. கரோல் பாக் விமான நிலையத்துக்கு வெகு தொலைவில் இருந்தாலும், அங்கே தங்குகிறவரும் மஹிபால்பூரில் தங்குகிறவரும் ஒரே வரவு செலவுக் கணக்கைச் சேர்ந்தவர்கள். கட்டில் விரிப்பு வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கும் அலுவல் பயணி, மாடிப்படி இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். பெட்டியை அறையில் வைத்தவுடன் தாழ்வாரத்தில் நடந்து இரண்டாவது படிக்கட்டின் கதவைத் தள்ளிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அது பூட்டியிருந்தால், நடுநிசி என்றாலும் வேறு ஹோட்டல் தேடுவது உத்தமம்.

மஹிபால்பூர் என்ற பெயரை நாடே கேட்ட இரவு ஒன்று உண்டு. 2012 டிசம்பர் 16. ஓடும் பஸ்ஸில் கொடூரமாகத் தாக்கப்பட்ட 23 வயது மாணவியும் அவரது நண்பரும் வீசி எறியப்பட்டது இந்த நெடுஞ்சாலை ஓரத்தில்தான். அந்தப் பெண் டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். குற்றவாளிகளின் பஸ்ஸை அடையாளம் காண போலீசுக்கு உதவியவற்றில் முக்கியமானது, மஹிபால்பூர் ஹோட்டல் ஒன்றின் வாசல் கேமராவில் பதிவான காட்சி. போகிறவர் வருகிறவரைக் கவனிக்க வைத்த கருவி சாட்சியானது. அந்தக் கேமராவுக்கு முன்னால் எத்தனை வாகனங்கள் நிற்காமல் போயின என்பது அந்த இரவைப் பற்றி நாடு இன்னும் கேட்டுக் கொண்டிருக்கும் கேள்வி.

அலுவலுக்காகத் தனியே பயணம் செய்யும் பெண்களுக்கு இந்தச் சாலையில் வேறு கணக்கு. ஆணுக்கு வாடகை வரம்பு ஓர் அசௌகரியம். பெண்ணுக்கு அது சில சமயம் ஆபத்து. நள்ளிரவில் சந்துக்குள் நுழைய மறுக்கும் டாக்ஸி, உள்ளே சரியாகத் தாழ்ப்பாள் விழாத கதவு, தனியாக வந்ததற்குக் காரணம் கேட்கும் வரவேற்பாளர் ஆகிய மூன்றையும் கணக்குப் பிரிவின் அட்டவணை அறியாது. இதைப் புரிந்துகொண்ட கம்பெனிகள் நள்ளிரவில் இறங்கும் பெண் ஊழியர்களுக்கு வரம்பைத் தளர்த்துகின்றன. புரிந்துகொள்ளாத இடங்களில் அந்த வித்தியாசத்தை அந்தப் பெண்களே சொந்தப் பணத்தில் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

நெடுஞ்சாலையின் இரு பக்கங்களும் வேறுபடும் இன்னொரு இடம், நிலத்தின் விலை. விமான நிலையத்தைத் தனியாரிடம் கொடுத்த ஏற்பாட்டை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி, 2012இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் ஒரு கணக்குப் போட்டார். வணிகப் பயன்பாட்டுக்கான சுமார் 240 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. 58 ஆண்டுகளில் அதிலிருந்து 1.63 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்ட முடியும் என்றது அறிக்கை. விமான நிலைய நிறுவனமும் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் இதை ஏற்கவில்லை. மொத்த வருவாயில் 45.99 சதவீதத்தை அரசின் விமான நிலைய ஆணையத்துக்குக் கொடுக்கிறோமே, அதை ஏன் சேர்க்கவில்லை என்பது அவர்களின் வாதம். யார் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். 240 ஏக்கருக்கு ஓர் ஆண்டு வாடகை என்று அந்த ஏட்டில் எழுதியிருக்கும் தொகைக்கு, அதே ஏரோசிட்டியின் லாபியில் ஒரு கோப்பை காபி கிடைக்காது.

அந்த நிலத்தில் முன்பு இருந்தவர்கள் எங்கே? விமான நிலையத்தின் எல்லைக்குள் நங்கல் தேவத் என்று ஒரு கிராமம் இருந்தது. விரிவாக்கத்துக்காக அதை எடுக்கப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. வழக்குகள் நீண்டன, ஒரு தலைமுறை வெளியேறும் உத்தரவோடேயே வாழ்ந்தது. 2007இல் வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் வசந்த் குஞ்ச் அருகே குடியமர்த்தப்பட்டனர். ஊர்ப் பெயரைக் கையோடு எடுத்துப் போய் அங்கே வைத்துக் கொண்டார்கள்.

கடவுளை அப்படி எளிதாக நகர்த்த முடியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ரங்கபுரி அருகே ஒரு பிரம்மாண்டமான சிவன் சிலை நிற்கிறது. 2008இல் 4,430 மீட்டர் நீளத்தில் விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை தயாரானபோது, இறங்கும் விமானங்களின் பாதைக்கு அந்தச் சிலை உயரமாக இருப்பது தெரிந்தது. சிலை நகரவில்லை. விமானம் தரை தொடும் இடம்தான் ஓடுபாதையில் உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் நீளம் முழுவதும் இறங்குவதற்குப் பயன்படாமல் போயிற்று. டாக்ஸி ஓட்டுநர்களுக்கு அந்த இடம் 'ஷிவ் மூர்த்தி'. முகவரி தெரியாத பயணிகளை ஹோட்டல்களுக்குக் கொண்டுசேர்க்கும் அடையாளக் கல் அதுதான்.

விமான நிலைய ஹோட்டல்களின் உண்மையான முகம் தெரிவது விமானங்கள் ஓடாதபோதுதான். டிசம்பர், ஜனவரி மூடுபனி ஆண்டுதோறும் ஒருமுறையாவது அதைக் காட்டிவிடும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது பனியால் அல்ல. விமானிகளின் பணி நேரத்துக்கான புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் கணக்கைச் சரி செய்யாமல் விட்டதால், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று தில்லியிலிருந்து புறப்பட வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் அனைத்தும் நள்ளிரவு வரை இல்லை என்றானது. முனையத்தின் தரையில் பெட்டிகளுக்கு நடுவே மனிதர்கள் படுத்திருந்தார்கள்.

இத்தகைய நேரங்களில் பலர் கேட்காமல் விட்டுவிடும் உரிமை ஒன்று இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணியை ஹோட்டலில் தங்க வைப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மற்ற நேரங்களில் தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அந்தப் பொறுப்பு வரும். கவுன்ட்டரில் கேட்கிறவருக்குக் கிடைக்கிறது. கேட்காதவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியலைப் பார்க்கிறார்.

அலுவல் பயணி கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தில்லி விமான நிலையம் ஒரே இடத்தில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது முனையங்கள் அருகருகே. முதல் முனையம் பல கிலோமீட்டர் தள்ளி. ஏரோசிட்டி மெட்ரோ நிலையத்திலிருந்து மூன்றாவது முனையம் ஒரே நிறுத்தம். ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. பல ஹோட்டல்களில் ஒரு நாள் என்பது பகலில் தொடங்கிப் பகலில் முடிகிறது. இரவு 1 மணிக்கு நுழைந்து காலை 9 மணிக்குப் போகிறவரும் முழு நாள் வாடகை தருகிறார். மணிக் கணக்கில் அறை தரும் ஹோட்டல்கள் இப்போது வந்துவிட்டன. முன்கூட்டியே கேட்பவருக்குப் பாதிச் செலவு மிச்சம்.

ஜிஎஸ்டியிலும் ஒரு நுணுக்கம். ஹோட்டல் அறைக்கு வரி, ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே கணக்காகிறது. தில்லியில் பதிவு இல்லாத வெளியூர்க் கம்பெனி, ஏரோசிட்டி பில்லில் உள்ள வரியைத் தன் கணக்கில் கழித்துக் கொள்ள முடியாது. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீதம். அதற்குக் கீழே 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் கணக்குப் பிரிவின் பேனாவில் இந்த வித்தியாசமும் மையாக இருக்கிறது.

அறைக்கு வருவோம். மேலாளர் இரவு 1.40க்குப் படுக்கிறார். குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது. 2.15க்கு ஒரு விமானம். 2.22க்கு இன்னொன்று. நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம், பொது மேலாளர் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் விழித்திருக்கிறார். மறுநாள் பேச வேண்டிய விலை அவரைத் தூங்க விடவில்லை. தூக்கத்தை எந்த ஹோட்டலாலும் விற்க முடியாது. அமைதியையும் மெத்தையையும் திறக்கக்கூடிய ஓர் அவசரக் கதவையும்தான் விற்க முடியும். முதல் இரண்டிலும் பதவிக்குத் தகுந்தாற்போல் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். மூன்றாவதில் இருக்கக் கூடாது. கம்பெனிகளின் பயண அட்டவணையில் ரூபாய்க்கு ஒரு பத்தி இருக்கிறது. படிக்கட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் ஒரு பத்தி சேர்க்கக் காகிதத்தில் இடம் இருக்கிறது.

காலை 5 மணிக்கே மஹிபால்பூர் தெருவில் இன்னொரு கூட்டம் நடமாடுகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டிபன் டப்பாவுடன் வேகமாக நடப்பவர்கள். முனையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள், கழிவறை துடைக்கிறவர்கள், ஏரோசிட்டி சமையலறையில் காய் நறுக்குகிறவர்கள். விமான நிலையத்தை நடத்துகிறவர்களில் பலர் விமானத்தில் ஏறாதவர்கள். 2024இல் 7 கோடியே 78 லட்சம் பயணிகள் இந்த விமான நிலையம் வழியாகப் போய் வந்தார்கள். உலகில் ஒன்பதாவது இடம். அத்தனை பேரையும் ஏற்றி இறக்குவது இந்த நடைதான்.

காலை 8 மணி. மேலாளர் பூரி-ஆலுவை அவசரமாக விழுங்கிவிட்டு டாக்ஸிக்குக் காத்திருக்கிறார். அவர் நிற்கும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் சுல்தான் கடி இருக்கிறது. சுல்தான் இல்தூத்மிஷ் தன் மகன் நசிருதீன் மகமூதுக்காக 1231இல் எழுப்பிய கல்லறை. இந்தியாவில் எழுந்த முதல் பெரிய இஸ்லாமியக் கல்லறைக் கட்டடம் அதுவே என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கோட்டை போன்ற மதிலுக்குள், தரைக்குக் கீழே எண்கோண அறையில் இளவரசர் உறங்குகிறார். வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து விளக்கேற்றிப் போகிறார்கள். இந்த வட்டாரத்தில் யாருக்கும் கலையாத தூக்கம் அது ஒன்றுதான். விமானம் அதற்கு மேலேயும் பறக்கிறது.

மேலாளருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் நேரம் இல்லை. டெண்டர் 10 மணிக்கு. டாக்ஸி வருகிறது, நெடுஞ்சாலையில் ஏறி குருகிராம் பக்கம் திரும்புகிறது. தில்லி அவருக்குப் பின்னால் இருக்கிறது. கடந்த ஓராண்டில் ஆறு முறை வந்திருக்கிறார். செங்கோட்டையை இன்னும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் ஹோட்டல் பில்லில் முகவரி 'புது தில்லி' என்று இருக்கிறது. மாலையில் ஊர் திரும்பியதும் அண்டை வீட்டுக்காரர் கேட்பார், எங்கே ஆளைக் காணோம் என்று. தில்லி போயிருந்தேன் என்று இவரும் சொல்வார்.